மூன்றாம் தண்ணி

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு
லோன்காரப் பொடியன் வருவான்.
மரமுந்திரிகைக்குக் கீழே
மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே குந்தியிருப்பான்.
ஐந்து பேரின் காசும் சேராமல் அசைய மாட்டான்.
கெட்டவனில்லை.
தண்ணி கேட்டாலும் "அக்கா" என்றுதான் கேட்பான்.

அன்றைக்கு நாலு பேர்தான் வந்தோம்.
யோகமலரின் ஆயிரத்து எழுநூறை
நாங்கள் பங்கு போட்டுக் கட்டினோம்.
என் பங்கு, மகனின் சப்பாத்துக்கு வைத்திருந்த
நானூற்றி இருபத்தைந்து.
கட்டிவிட்டு நேரே அவள் படலைக்குப் போனேன்.
ஜெயபுரம் முழுக்கக் கேட்கக் கத்தினேன்:
"உன்ர மூஞ்சையைப் பார்க்கேலாமல்தான்
அந்த மனிசன் திரும்பி வரேல்லை."

அவனை பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டது
அவள் மட்டுமில்லை.
பின் ஜன்னலில் அவன் கை தெரிந்தது.
நானும் கண்டேன்.
கண்டவள்தான் சொன்னேன்.

அடுத்த நாள் விபூதிப் புதன்.
போன வருசத்துக் குருத்தோலை
கிண்ணத்தில் கறுத்துக் கிடந்தது.
யூஜின் சுவாமியின் பெருவிரல் நெற்றியில் அழுத்த
"மண்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது,
மிச்சத்தை விசிறி தின்றுவிட்டது.
உள்ளத்தைப் புதுப்பியுங்கள் என்று பிரசங்கம்.
அடையாள அட்டையைப் புதுப்பிக்கலாம்.
லோனைக்கூடப் புதுப்பித்துத் தருவான் பொடியன்.
இதற்கு எந்தக் கந்தோரில் வரிசையில் நிற்பது?

ஒரு நேரச் சாப்பாடு என்று இருந்தேன்.
பசிக்கவில்லை.
பசிக்காதவள் சாப்பிடாமல் கிடப்பது
நோன்பில் சேராது.
செபமாலை எடுத்தேன்.
"அருள் நிறைந்த மரியே" என்ற வாய்
நேற்றும் இதே வாய்தான்.
மூன்றாவது பத்தில் நிறுத்தி,
ஆணியில் கொளுவிவிட்டேன்.

வெயில் சாய
இரண்டு சுண்டு அரிசியைச் சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு போனேன்.
அவள் மிளகாய்க்குள் நின்றாள்.
நெற்றியில் மூன்று கோடு, வெள்ளை.
என் நெற்றியில் கறுப்பு.
கண்ணைப் பார்க்க ஏலாமல்
இரண்டு பேரும் அதைத்தான் பார்த்தோம்.

"யோகம், நேற்று நான்..."
"கதையாத.
மெசினை ஆறு மணிக்குத் திருப்பிக் குடுக்கோணும்.
ஹோஸைப் பிடி."

பிடித்தேன்.
பெரிய வியாழனில் சுவாமி பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார்.
எல்லாரும் வீட்டில் கழுவிக்கொண்டுதான் வருவார்கள்.
இங்கே முழங்கால் மட்டும் சேறு,
அவளுக்கும் எனக்கும்.
ஹோஸ் வெடித்த இடத்தால் தண்ணி என் முகத்தில் அடித்தது.
சாம்பல் கரைந்து மூக்கு நுனியால் வழிந்து
பாத்தியில் சொட்டியது.
அவள் சிரிக்கவில்லை.
பழைய டியூப் துண்டு ஒன்றைப் பல்லால் கிழித்து
வெடிப்பில் சுற்றிக் கட்டினாள்.

அரிசிப் பையை அவள் எடுக்கவுமில்லை,
திருப்பித் தரவுமில்லை.
வரம்பில் இருந்த அதை ஒரு கோழி கொத்தத் தொடங்க
"சூ" என்று இரண்டு பேரும்
ஒரே நேரத்தில் கத்தினோம்.
அன்றைக்கு நாங்கள் சேர்ந்து சொன்னது
அது ஒன்றுதான்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை.
கேட்க எனக்கும் வாய் வரவில்லை.
பஸ்ஸின் பின் ஜன்னல்
எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் நிற்கிறது.

இன்று செவ்வாய்.
யோகமலர் வந்தாள், கையில் எழுநூறோடு.
பொடியன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.
நான் எழும்பி அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன்.
"மிளகாய் பழுக்கட்டும் தம்பி,
அதுவரைக்கும் எங்கள் ரெண்டு பேரையும்
ஒண்டாய் எழுது" என்றேன்.
என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.
அவன் எழுதவில்லை. தண்ணி கேட்டான்.
யோகமலர் எழும்பிப் போய் எடுத்து வந்தாள்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு இன்னும் எத்தனையோ நாள்.
மிளகாய்க்கு நாளைக்கு மூன்றாம் தண்ணி.
ஹோஸின் மற்றத் தலைப்பை
ஆரும் பிடிக்கத்தானே வேணும்.